ஏசி ரூமில் அட்டைக்கடி

"சார், கம்ப்யூட்டர்ல என்னா வேலை பாத்தா கை கறுத்துப் போகும்?"

போனில் கேட்டவர் ராயப்பன்பட்டி செலின், மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவி ஜெஸ்லினின் அம்மா. இந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவன் ஸ்டான்லி. தேனிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிளேஸ்மென்ட் ஆபீசர். மாணவர்களுக்கு வேலையும் இன்டர்ன்ஷிப்பும் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. அந்த வேலை அவனுக்கே இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதைக் கல்லூரியில் யாரும் வெளியே சொல்வதில்லை.

ஸ்டான்லியிடம் ஒரு கோளாறு உண்டு. பயம் வந்தால் வாய் முதலில் பதில் சொல்லிவிடும். மூளை பின்னால் சாவகாசமாக வந்து சேரும்.

"கீபோர்டு தூசிம்மா. எக்ஸ்போர்ட் கம்பெனில்ல, நெறைய டைப் அடிக்கிறாக."

"காலெல்லாம் அட்டை கடிச்ச தடமா இருக்கே சார்?"

"ஏசி ரூம்மா. நாள் பூரா ஓடுதுல்ல, ஈரம் எறங்கும்."

"ஏசி ரூம்ல அட்டையா?"

"மலைப் பக்கத்து ஏசிம்மா."

மறுமுனையில் செலின் இதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தார்.

"என்னமோ சார். ஞாயித்துக்கிழமை வந்தவ பூசைக்குக்கூட எந்திரிக்கல. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. திங்கக்கிழமை விடியுமுன்ன ஓடிட்டா. வாரம் பூரா போனே கெடைக்க மாட்டேங்குது. நீங்க அங்கன போய்ப் பாத்தீகளா?"

"நேத்துக்கூடப் போய்ட்டு வந்தேம்மா. ராணி மாதிரி இருக்காக."

போனை வைத்தான். பிளேஸ்மென்ட் அறை என்பது விளையாட்டுச் சாமான் அறையில் பாதி. அவன் தலைக்குப் பின்னால் ஈட்டிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எதிர் மேஜையில் அலுவலக உதவியாளர் மகிமா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நேத்து நீங்க இங்கனதான இருந்தீக சார்."

"தெரியும்."

"இல்ல, சும்மா ஞாபகப்படுத்துனேன்."

"கை எப்படி மகிமா கறுக்கும்?"

"ஏலக்காய் எடுத்தாக் கறுக்கும் சார்."

"அவுக ஏன் ஏலக்காய் எடுக்கிறாக?"

"அத நீங்கதான் சொல்லணும். ஜெஸ்லின் குரூப்புல போட்டோ போட்டுச்சே, பாக்கலயா? நீங்ககூடக் கட்டைவிரலத் தூக்கிக் காட்டிருந்தீக."

ஸ்டான்லி குரூப்பைத் திறந்தான். ஆறு பெண்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், கையில் கூடை, தலைக்கு மேல் ஆள் உயரம் தாண்டிய ஏலச்செடிகள். எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். கீழே 'இன்டர்ன்ஷிப், மூன்றாம் வாரம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவனுடைய கட்டைவிரல், நிமிர்ந்து, மஞ்சளாக, மனச்சாட்சியே இல்லாமல் நின்றது.

அவன் அவர்களை அனுப்பியது குமுளியில் இருக்கிற மலைமகுடம் ஸ்பைசஸ் என்ற கம்பெனிக்கு. கண்ணாடிக் கட்டடம். அங்கே இருந்த ஒரே செடி, ரிசப்ஷனில் பாட்டிலில் வளர்கிற மணி பிளான்ட். வாரா வாரம் திங்கள் காலையில் கம்பெனி ஜீப் கூடலூருக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும், சனிக்கிழமை வரை கெஸ்ட் ஹவுசில் தங்கவைக்கும் என்று ஏற்பாடு. முதல் நாள் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட வேண்டியது ஸ்டான்லி. விடியுமுன் எழுந்திருக்க வேண்டுமே என்று படுத்துக்கொண்டே குரூப்பில் குறிப்பு மட்டும் போட்டான்: 'ஜீப் ஸ்டாண்டில் டீக்கடை முன்னால் நிற்கும் வெள்ளை ஜீப்.'

கூடலூரில் அந்த நேரத்துக்கு நிற்கிற எல்லா ஜீப்பும் வெள்ளை. எல்லாமே ஏதாவது ஒரு டீக்கடை முன்னால்தான் நிற்கும். அத்தனையும் கேரளத்துத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்.

ஆறு பிள்ளைகள் யாரோ ஒருவருடைய ஜீப்பில் ஏறி எல்லை தாண்டி ஏதோ ஒரு மலைக்குள் போய்விட்டார்கள். எந்த மலை? ஜன்னலைப் பார்த்தான். மேற்கே அடிவானம் முழுக்க மலையாகத்தான் இருந்தது. 'ஆறு பேருக்கும் நான் பொறுப்பு' என்று பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னவன் அவன். வேலை போனால் தேனி பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடை. வாடிக்கையாளர் வீட்டுப் பெயரை எவர்சில்வர் தட்டில் வெட்டுகிற மிஷின் முன்னால் ஆயுசுக்கும் உட்கார வேண்டும்.

"கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டிருவோமா சார்?" என்றாள் மகிமா.

"கேட்டா, பிள்ளைக வரலன்னு தெரிஞ்சிரும்."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"அவுகளுக்குத்தான் மூணு வாரமாத் தெரியுமே சார்."

ஸ்டான்லிக்கு இது உறைப்பதற்குள் போன் அடித்தது. குமுளி நம்பர். எடுக்காமல் இருக்கலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் எடுத்துவிட்டது. டைரக்டர் வர்கீசின் செயலாளர் பேசினாள்.

"உங்க ஆறு பேரைப் பத்தி டைரக்டர் சாருக்கு உங்க தாளாளர்கிட்ட நேர்ல பேசணுமாம். நாளைக்கு அங்க வரட்டே?"

"வர வேணாம்," என்றது வாய். "தாளாளருக்கு உடம்பு சரியில்ல."

"அய்யோ! எந்து பற்றி? என்ன ஆச்சு?"

"நெஞ்சு வலி."

எதிர் மேஜையில் மகிமாவின் பேனா கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

சற்று நேரத்திலேயே மாடியிலிருந்து அழைப்பு வந்தது. தாளாளர் அறையில் தாளாளர் முழு ஆரோக்கியத்துடன் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லூரியின் நிறுவனர், உரிமையாளர், நுழைவாயில் வளைவின் எழுத்து நிறம் வரை முடிவு செய்கிறவர் எல்லாம் அவர்தான்.

"வாய்யா ஸ்டான்லி. குமுளிலருந்து வர்கீசுன்னு ஒருத்தர் பேசுனாரு. நான் பொழைக்கணும்னு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தச் சொல்லிட்டாராம். எனக்கு எப்பய்யா நெஞ்சு வலிச்சது?"

மின்விசிறி ஓடியது. ஸ்டான்லியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சார்... அவரு இங்க வர்றேன்னாரு. வந்தா அவரு வந்த மாதிரி ஆயிரும். நீங்களே அங்க போயி நின்னா, முடியாத ஒடம்போட பிள்ளைகளப் பாக்க வந்திருக்காகன்னு..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே, தான் என்ன சொல்கிறோம் என்று மூளை வந்து பார்த்துவிட்டு அலறியது. அதற்குள் தாளாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இது தோணலயே எனக்கு. நாளைக்கே போயிருவோம். போட்டோகிராபரையும் கூட்டிக்குவோம். நம்ம பிள்ளைக ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்காக, பின்னால நான் நிக்கிறேன். அட்மிஷன் நோட்டீசுல மொதப் பக்கம் அதுதான்."

"சார், நான் முன்னாடி போயி ஏற்பாடு..."

"போ. விடியக்காலைலயே போ. நான் உள்ள நுழையும்போது ஆறு நாற்காலிலயும் ஆறு பேரு இருக்கணும். இருந்தா ஒன்னைய நிரந்தரம் பண்ணிருவோம். இல்லேன்னா..."

இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பஜ்ஜியைச் சட்னியில் முக்கினார். முழுதாக முங்கும்வரை முக்கினார். ஸ்டான்லி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தான்.

"என்னா சார் ஆச்சு?" என்றாள் மகிமா.

"தாளாளரே நாளைக்குக் குமுளிக்குப் போறாக."

"யாரு போகச் சொன்னது?"

"நான்தான்."

மகிமா அவனை ஒருமுறை பார்த்தாள். "சார், இனிமே போன் வந்தா என்கிட்டக் குடுத்துருங்க" என்றாள்.

மறுநாள் விடியுமுன் கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. டீக்கடை வெளிச்சத்தில் வெள்ளை ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. ஸ்டான்லி ஒவ்வொரு டிரைவரிடமாகப் போட்டோவைக் காட்டிக்கொண்டு வந்தான். கார்த்திக்ராஜ் என்ற டிரைவர் பார்த்ததும் சொன்னான்:

"பூமாரியக்கா செட்டு ஆளுகல்ல இது. ஏறுங்க, அங்கனதான் போறேன்."

"தோட்டம் எங்க இருக்கு?"

"மேல."

"மேலன்னா எவ்வளவு தூரம்?"

"அதான் மேலங்கிறேன்ல."

ஜீப் நிறைந்துவிட்டது என்று ஸ்டான்லி நினைத்த பிறகு இன்னொரு ஜீப் அளவுக்கு ஆட்கள் ஏறினார்கள். யாருடைய தூக்குவாளியோ அவன் மடிக்கு வந்தது. யாருடைய முழங்கையோ அவன் விலாவில் குடியேறியது. பக்கத்திலிருந்த பெண் அவன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"தம்பி புது ஆளா? ஷூவெல்லாம் போட்டு வந்திருக்கு."

"நான் ஆபீசரு."

"மொத நாளு எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக" என்றாள் அவள் பரிவாக.

சோதனைச் சாவடி தாண்டி, தார்ச்சாலை முடிந்து, பாதை என்று சொல்லத் தைரியம் வேண்டிய ஒன்றில் ஜீப் ஏறியது. ஒரு திருப்பத்தில் கார்த்திக்ராஜ் எஞ்சினை அணைத்தான்.

"யாரும் எறங்கிறாதீக. ஆனை."

"எங்க?" என்றான் ஸ்டான்லி. சத்தம் வரவில்லை. மறுபடியும் கேட்டான்.

"எங்கன நிக்குதுன்னு தெரிஞ்சா எதுக்கு அணைக்கிறேன்? ஓட்டிருக்க மாட்டனா?"

மூடுபனிக்குள் எங்கோ மூங்கில் முறிந்தது. கிட்டத்திலா தூரத்திலா என்று சொல்ல முடியவில்லை. ஸ்டான்லி யாருடையதோ தூக்குவாளியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். இதே பாதை. இதே மாதிரி இருட்டு. மூன்று வாரமாக அந்தப் பிள்ளைகள் இப்படித்தான் ஏறி வந்திருக்கிறார்கள், ஒருவன் போர்வைக்குள் படுத்துக்கொண்டு போட்ட குறிப்பை நம்பி. நேற்று முழுக்க அவன் பயந்தது தாளாளருக்கு. இப்போது வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. அது நாற்காலிகளைப் பற்றியதாக இல்லை.

இன்னொரு மூங்கில் முறிந்தது. இந்தத் தடவை தூரத்தில். கார்த்திக்ராஜ் எஞ்சினைப் போட்டான்.

ஏலத்தோட்டத்துக்குள் பகலே பச்சையாக இருந்தது. ஸ்டான்லி இறங்கி நான்கு எட்டு வைப்பதற்குள் காலில் அட்டை ஏறிவிட்டது. அதை உதறிக்கொண்டிருக்கும்போதே செடிகளுக்கு நடுவிலிருந்து ஆறு குரல் சேர்ந்து வந்தது.

"குட் மார்னிங் சார்!"

ஆறு பேரும் இருந்தார்கள். கை, கால், சிரிப்பு எல்லாம் இருந்தது. ஸ்டான்லிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நேரம் ஞாபகம் வந்து கோபமும் வந்தது.

"ஏம்மா ஜெஸ்லின், இங்க என்னம்மா பண்றீக?"

"ஃபீல்டு டிரெய்னிங் சார்! இன்ஸ்பெக்ஷனுக்கா வந்தீக? சொல்லிருந்தா ஐ.டி. கார்டு போட்டிருப்போம்ல."

"பி.காம். பிள்ளைகளுக்கு ஏலக்காய் எடுக்க என்னம்மா டிரெய்னிங்கு? ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லையேன்னு ஒருத்திக்குமா தோணல?"

"தோணுச்சு சார்" என்றாள் பின்னாலிருந்து பிரின்சி. "ஆனா எந்த வேலை குடுத்தாலும் ஏன்னு கேக்கக் கூடாது, அதுதான் கார்ப்பரேட்டுன்னு நீங்கதான சொன்னீக. அதுக்குக் கைதட்டச் சொன்னீக."

"தட்டினோமே சார்" என்றாள் இன்னொருத்தி.

"கெஸ்ட் ஹவுஸ் மட்டும் கொஞ்சம் ஒழுகுது சார்" என்றாள் ஜெஸ்லின். "மத்தபடி ஹெச்.ஆர். மேடம் நல்லாப் பாத்துக்கிறாக."

ஹெச்.ஆர். மேடம் தலையில் முண்டாசும் கையில் கம்புமாகச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். பூமாரி. கூடலூர்க்காரி. அந்தத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிற கங்காணி.

"யாரு சார் நீங்க?"

"நான் இவுக காலேஜ் ஆபீசரு. பிள்ளைக தப்பான ஜீப்புல ஏறி வந்துட்டாக. இப்பவே கூட்டிட்டுப் போகணும்."

பூமாரியின் முகம் சட்டென்று மாறியது. கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு பேரையுமா?"

"ஆறு பேரையும்."

"முடியாது சார்."

"இவுக காலேஜ் பிள்ளைகம்மா!"

"எந்தப் பிள்ளைகளா இருந்தா என்னா? மொதலாளி வந்து பாக்கும்போது எனக்கு ஆறு தலை நிக்கணும்."

"எங்க மொதலாளி வந்து பாக்கும்போது எனக்கு ஆறு தலை உக்காரணும்!"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பூமாரிதான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அவள் கையிலிருந்த கம்பு லேசாக ஆடியதை ஸ்டான்லி கவனித்தான். குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"அரை நாளுக்கு மட்டும் குடுங்கம்மா. போட்டோ எடுத்ததும் கொண்டாந்து விட்டுர்றேன்."

"மாட்டேன்."

"ஒரு மூணு பேரு?"

"வேணும்னா நீங்க நில்லுங்க. ஒங்களுக்குப் பதிலா ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போகட்டும் டிரைவரு" என்று ஒரு கூடையை அவன் கையில் திணித்தாள்.

"சார், நின்னு பாருங்க சார். டீம் ஸ்பிரிட் நல்லாருக்கும்" என்றாள் ஜெஸ்லின்.

இனிமேல் பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கைவசமிருந்த எல்லாம் தீர்ந்துவிட்டது. தாளாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். தோட்டத்தில் போன் எடுக்கிற ஒரே இடம் சரிவில் இருந்த பாறை. கூடையோடு அதன் மேல் தவழ்ந்து ஏறினான். உச்சியில் நிமிர்ந்து நின்றதுமே போன் அலறியது. தாளாளர்.

"எங்கய்யா இருக்க நீ? நான் குமுளிக்கு வந்து எவ்வளவு நேரமாச்சு!"

"சார், ஒங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். ஒங்க கால்ல விழுந்து..."

"உண்மைய அப்புறமாச் சொல்லு. மொதல்ல ஒனக்கு ஒரு நன்றி சொல்லிக்கிறேன். என்னா பிள்ளைகய்யா! ஆறு பேரும் வரிசையா நிக்கிறாக. எனக்கு அழுகையே வந்திருச்சு."

"எந்த ஆறு பேரு சார்?"

"நம்ம பிள்ளைகய்யா!"

ஸ்டான்லி பாறையிலிருந்து கீழே பார்த்தான். ஜெஸ்லின், பிரின்சி, இன்னும் நான்கு பேர். ஆறு தலை. ஆறும் அண்ணாந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜெஸ்லின் கை ஆட்டினாள். அவன் மறுபடி எண்ணினான். முதுகுத்தண்டில் ஐஸ் கட்டியை விட்ட மாதிரி ஏதோ இறங்கியது.

"சார்... நல்லாப் பாத்தீகளா? ஆளுகதானா?"

"கையக் குடுத்தேன்யா. பொன்னாடை போத்துனேன். மூணு வாரத்துல ஒரு பிள்ளை போன நோண்டலயாம், ஒரு பிள்ளை லீவு கேக்கலயாம். உக்காருன்னா உக்காருது, எந்திரின்னா எந்திரிக்குது. இப்பிடிப் பட்டதாரிகள நான் பாத்ததே இல்லேங்கிறாரு வர்கீசு. இதச் சொல்லத்தான் மனுசன் நேர்ல வர்றேன்னிருக்காரு. ஆறு பேருக்கும் நிரந்தர வேலைக்கு ஆர்டர் அடிச்சாச்சு. ஒனக்கும் அடிக்கச் சொல்லிட்டேன்."

"சார், அவுக முகம்..."

"முகத்துக்கு என்னா? கொஞ்சம் முத்துனாப்புல இருக்கு. பி.காம். அவ்வளவு கஷ்டம்போல."

"பேரு? பேரு கேட்டீகளா சார்?"

"எல்லாம் ஞாபகத்துல இல்ல. தலைவி பேரு முருகம்மாள். கையெடுத்துக் கும்பிட்டுச்சுய்யா, இந்தக் காலத்துல யாரு..."

சிக்னல் அறுந்தது. சாரல் வலுத்தது. எப்படி இறங்கினோம் என்று ஸ்டான்லிக்கே தெரியவில்லை.

"என்னாச்சு சார்?" என்று பூமாரி ஓடி வந்தாள். "மொகமெல்லாம் வெளுத்திருக்கு. மேல ஆனையப் பாத்தீகளா?"

"கம்பெனில ஆறு பேரு இருக்காகளாம்மா. மூணு வாரமா. எங்க பிள்ளைக ஆறு பேரும் இங்க இருக்கும்போது அங்கயும் ஆறு பேரு. எங்க காலேஜ்ல முருகம்மாள்னு ஒரு ஆளே கெடையாது!"

பூமாரியின் கையிலிருந்த கம்பு கீழே விழுந்தது. தோட்டத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவன் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தம் போடாதீக சார், கோம்பையிலருந்து எனக்கு வர வேண்டிய செட்டு அது; மொத நாளே ஜீப்பு மாறிப்போச்சுன்னு தெரிஞ்சும், மொதலாளிக்குப் பயந்துக்கிட்டு நானும் மூணு வாரமா ஒங்க பிள்ளைகள நிக்க வச்சுத்தான் ஆளுக் கணக்கு காட்டிக்கிட்டிருக்கேன்."